கங்காணி என்று பெயர் பெற்ற குமிழ்

ஒரு பெல்ட்டின் வேகத்தை முடிவு செய்யும் எண், அந்த பெல்ட்டின் முன்னால் ஒரு நாளும் நிற்காதவரின் கையில் இருக்கலாமா? பல்கலைக்கழகத்தில் இக்கேள்வியை என்னிடம் எவரும் கேட்கவில்லை. எட்டு பிட் என்றால் எத்தனை படிகள் என்று கேட்டார்கள், விடை எழுதினேன், பட்டம் கொடுத்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவை பெக்கான் நானாஸ் ஊர்ப் பக்கம் இருக்கும் ஓர் அன்னாசி டின் தொழிற்சாலையும், அங்கே நான் கழற்றப் போன ஒரு பழைய குமிழும்தான். கன்ட்ரோல் துறைக்குப் புதிதாக வரும் இளையோருக்கு அது உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

1. குமிழைத் தூக்கச் சொன்னார்கள்

ஸ்கூடாயில் உள்ள ஒரு சிறிய ஆட்டோமேஷன் நிறுவனத்தில் அப்போது நான் வேலை செய்தேன். தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்களுக்குப் புதிய மூளை பொருத்துவது எங்கள் பிழைப்பு. அன்னாசித் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர் திரு. வள்ளியப்பன் எங்களை அழைத்திருந்தார். தங்காக் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, துணியை விட்டு டின்னுக்கு வந்தவர். நல்ல மனிதர். தம்முடைய அனுபவத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை, பார்ப்பவருக்கும் ஒட்டிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது.

அவர் காட்டியது கண் எடுக்கும் மேசையை. தோல் சீவும் இயந்திரத்திலிருந்து பழம் உருளையாக வெளியே வரும். ஆனால் ஆங்காங்கே பழுப்புக் கண்கள் மிச்சமிருக்கும். மேசையின் நடுவில் ஓடும் பெல்ட்டில் அந்தப் பழங்கள் வர, இருபுறமும் நிற்கும் பெண்கள் ஒவ்வொன்றாக எடுத்து, சிறு கத்தியால் கண்களைத் தோண்டிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். பெல்ட்டின் மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டருக்கு வேகம் சொல்வது, மேசையின் ஓரத்தில் இருந்த ஒரு குமிழ். அதாவது திருகினால் மின்னழுத்தம் மாறும் ஒரு சாதாரண பொட்டென்ஷியோமீட்டர். மூன்று வயர்: இரு ஓரங்களுக்கு இரண்டு, நடுவில் நகரும் வைப்பருக்கு ஒன்று.

"தம்பி, இத தூக்கிரு," என்றார் வள்ளியப்பன். "வர்றவன் போறவன்லாம் திருப்பிட்டுப் போறான். எனக்கு மேல ஆபீஸ் ஸ்கிரீன்ல நம்பர் வேணும். நான் அடிக்கிற நம்பர்ல லைன் ஓடணும். அவ்ளோதான் லா."

"செய்யலாம் சார்."

"நான் சூப்பர்வைசரா இருந்தப்ப காலையில வந்த ஒடனே இத வலப்பக்கம் ஃபுல்லா திருப்பிட்டுத்தான் கோப்பி குடிக்கப் போவேன். ஒரு ஆளு வாயத் தொறக்கல. கையெல்லாம் மெஷின் மாதிரி ஓடும். அந்த டிசிப்ளின் இப்ப எங்க இருக்கு?"

மேசையருகே இருந்த பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன். பின்னர்தான் தெரிந்தது, அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள் என்று.

2. சிப் சொன்ன பேச்சைக் கேட்டது

குமிழின் இடத்தில் நான் வைத்தது டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர். விரல் நகத்தைவிடச் சிறிய சிப். உள்ளே வரிசையாகக் கோத்த மின்தடைகள். திருகுவதற்கு எதுவும் கிடையாது. சீரியல் வழியாக ஒரு கட்டளை அனுப்ப வேண்டும்: எந்த ரெஜிஸ்டரில், அதாவது சிப்புக்குள் எண் எழுதும் எந்த இடத்தில், என்ன மதிப்பு. வைப்பர் ரெஜிஸ்டரில் 0 எழுதினால் வைப்பர் ஓர் ஓரத்தில் நிற்கும்; 255 எழுதினால் மறு ஓரத்தில். இன்னொரு ரெஜிஸ்டர் உண்டு. அது மின்சாரம் போனாலும் மறக்காது. மின்சாரம் திரும்பியதும் சிப் அதில் உள்ள மதிப்பை எடுத்து வைப்பரை அங்கே நிறுத்தும். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கவும் ஒரு கட்டளை உண்டு. இன்வெர்ட்டரின் பத்து வோல்ட்டைத் தாங்கும் வகையைத் தேடி வாங்கி, ஒரு கன்ட்ரோலருடன் பெட்டிக்குள் வைத்து, ஆபீஸ் வரை கேபிள் இழுத்தேன். குமிழிலிருந்து கழற்றிய மூன்று வயரையும், இருந்த வரிசை மாறாமல், அப்படியே சிப்புக்குக் கொடுத்தேன்.

தேநீர் வேளையில் லேப்டாப்பை இணைத்து, பெல்ட்டை வெறுமையாக ஓட்டிச் சோதித்தேன். முதலில் ஒரு சிறிய எண்ணை எழுதினேன். பெல்ட் ஊர்ந்திருக்க வேண்டும், பறந்தது. திகைத்துப் போய் 255 எழுதினேன். ஊர்ந்தது.

ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்தேன். 255 என்றே சொல்லிற்று. சிப்பின் மீது குற்றமில்லை.

தேநீர்க் குவளைகளுடன் நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மேசைக்கு லீடராக இருக்கும் மாரியக்கா.

"என்னா தம்பி, கம்ப்யூட்டருக்கு மயக்கமா? டீ வேணும்னா குடுங்க அதுக்கு."

"கம்ப்யூட்டருக்கு இல்லக்கா, தம்பிக்குத்தான் வேர்த்துக் கொட்டுது," என்றார் பக்கத்தில் நின்ற சரசு.

தொழிற்சாலையின் வயர்மேன் தாஸ் அண்ணன் ஏணியருகே நின்றிருந்தார். "அண்ணே, ஓர வயர் ரெண்டும் இடம் மாறியிருக்கு," என்றேன்.

அவர் சாவகாசமாகத் திரும்பினார். "மாறல தம்பி. மாத்துனது."

3. கங்காணியின் வரலாறு

மாரியக்கா சொன்னதை முடிந்தவரை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்.

"இதுக்கு நாங்க வச்ச பேரு கங்காணி. எஸ்டேட்டுல எங்க ஆத்தா காலத்துல ஒருத்தர் பின்னாலயே நின்னு வெரட்டுவாரு பாருங்க, அது மாதிரி. புதுசா எந்த சூப்பர்வைசர் வந்தாலும் மொத வேல என்னா? நேரா வந்து இத வலப்பக்கம் ஒரு திருப்பு. அப்பதான் அவங்களுக்கு சம்பளம் செரிக்கும். ஒரு நாளு தாஸு அண்ணங்கிட்ட சொன்னோம், வயர மாத்திப் போடுங்கன்னு. அதுலருந்து வலப்பக்கம் திருப்புனா மெதுவாயிரும். அவங்க நிக்கிற வரைக்கும் நாங்க கைய வெரசா ஆட்டுவோம். பாத்து சந்தோசமா போயிருவாங்க. அப்புறம் நாங்க எங்களுக்கு வேண்டிய மாதிரி வச்சுக்குவோம்."

"டார்கெட்?"

"அது எந்த நாளு தவறியிருக்கு? சின்னப் பழம் வந்தா வெரட்டி ஓட்டுவோம். பெருசு வந்தா கங்காணிய கொஞ்சம் தூங்க வப்போம். ஒரே கணக்குல ஓட்டுறதுக்கு இது என்னா ரயிலா?"

"பெருசு வந்தா மட்டுமா?" என்றார் தாஸ் அண்ணன்.

எல்லாரும் சரசுவைப் பார்த்தார்கள். சரசு வலது கையைத் தூக்கிக் காட்டினார். முன்பு ஒரு முறை கத்தி பட்டதில் அவருடைய கட்டைவிரல் மடங்குவதில்லை. "இது மட்டும் ரிட்டயர் ஆயிருச்சு தம்பி. மத்த நாலும் இன்னும் வேலைக்கு வருது."

மேசையின் முனையில் நிற்பவருக்குத்தான் பழம் முதலில் வரும். கண்ணும் அதிகம் இருக்கும். எல்லாரும் முறை வைத்து அங்கே நிற்பார்கள். சரசுவின் முறை வரும்போது பெல்ட் சற்றே இளைப்பாறும். அவருடைய முறை முடிந்ததும் விட்டதைப் பிடிக்கும். அவர் கான்ட்ராக்டில் இருப்பவர். கண்ணோடு போகும் பழங்களை மேசை மேசையாக எண்ணிப் பார்த்துத்தான் கான்ட்ராக்டைப் புதுப்பிப்பார்கள். ஆபீஸில் அடிக்கும் ஒரே எண்ணில் பெல்ட் ஓடத் தொடங்கினால், அடுத்த ஆண்டு அந்த மேசையில் அவர் இருக்க மாட்டார். மேசையைச் சுற்றி நின்ற அனைவருக்கும் அது தெரிந்திருந்தது.

"அப்டியே விட்டுருங்க தம்பி," என்றார் மாரியக்கா. "அவரு மேல உக்காந்து நம்பர ஏத்தட்டும். ஏத்த ஏத்த இங்க மெதுவாயிரும். அவருக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம். உங்க கம்ப்யூட்டரும் எங்க கட்சியில சேந்துருச்சுன்னு நெனச்சுக்கிறோம்."

4. 255-இலிருந்து கழித்தல்

நேர் செய்வதற்கு வயரைத் தொடக்கூடத் தேவையில்லை. வரும் எண்ணை 255-இலிருந்து கழித்து எழுதினால் போதும். நிரலில் ஒரே வரி. அந்த ஒரு வரியை எழுதுவதா வேண்டாமா என்பதுதான் அன்று என் முன் இருந்த பிரச்சினை.

எழுதாமல் விடுவதில் ஒரு கவர்ச்சி இருந்ததை மறைக்கவில்லை. தொழிலாளர்களின் குறும்பு ஒன்று சீரியல் கட்டளைகளின் காலத்துக்கும் தப்பிப் பிழைத்து வந்திருக்கிறது என்பதே எனக்கு ஒருவகை மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் குமிழ் மேசையோரத்தில் இருந்தது. அதன் ரகசியம் தெரிந்தவர்களின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இனி எண்ணை அடிக்கப்போகிறவர் மாடியில் இருப்பார், ரகசியம் தெரியாதவர். யாரோ ஒருவருக்குக் கை வழுக்குகிறது, கொஞ்சம் மெதுவாக்குங்கள் என்று கீழிருந்து தொலைபேசியில் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அக்கறையோடு எண்ணைக் குறைப்பார். பெல்ட் பறக்கும். கத்திகள் இருக்கும் மேசையில், உதவி செய்ய நினைப்பவரின் கையாலேயே விபத்து நடக்கும்.

இதை மாரியக்காவிடம் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

"படிச்ச புள்ளைங்க எல்லாத்தையும் நேராக்கணும்னு நிப்பீங்க," என்றார். பிறகு சற்று யோசித்தார். "கத்தி விசயம் நீங்க சொல்றது சரிதான். அப்ப சரசுக்கு என்னா வழி? அதையும் நேராக்கிட்டுப் போங்க."

"மேசையிலயும் ஒரு கன்ட்ரோல் வைக்கணும்னு சார்கிட்ட கேக்கிறேன்."

"கேளுங்க, கேளுங்க. கேக்கிறதுக்கு வரி இல்ல."

அந்த வரியை எழுதினேன். மறுநாள் மேலாளரிடம் இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டும்.

5. மேலாளர் செய்துகாட்டியது

கேட்டேன். ஆபீஸில் எண்ணும், மேசையில் ஒரு கட்டுப்பாடும் இருந்தால் நல்லது என்று, காரணங்களோடு, வரிசையாக எடுத்துச் சொன்னேன். வள்ளியப்பன் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீங்க ரொம்ப நல்லவரு. அதான் பிரச்சினை," என்றார். "இவங்களுக்கு எந்த வேகமும் பழகிரும். வாங்க, கீழ போலாம். என் காலத்து வேகத்த காட்டுறேன்."

கீழே வந்ததும், "ஃபுல்ல போடுங்க," என்றார்.

கத்திகளைக் கீழே வைக்க வேண்டும், பெல்ட்டிலிருந்து பழத்தை எடுத்துத் திரும்ப வைத்தால் மட்டும் போதும் என்று நான் நிபந்தனை விதித்தேன். என் கோழைத்தனத்தைக் கண்டு அவர் புன்னகைத்தார். பிறகு டையைச் சட்டைப் பொத்தான்களுக்கிடையே செருகிக்கொண்டு மேசையின் முனைக்குப் போனார். அங்கே சரசு நின்றிருந்தார்.

"நகரும்மா சரசு. நானே நிக்கிறேன்."

"கையுறை சார்?"

"எதுக்கு? ரெண்டு நிமிசம்தானே."

மாரியக்கா மற்றவர்களையும் விலகி நிற்கச் சொன்னார். "சார் செய்றத பாத்து கத்துக்குவோம்," என்றார் மிகுந்த பணிவோடு.

லேப்டாப்பிலிருந்து 255 என்று அனுப்பினேன்.

முதல் பழத்தை வள்ளியப்பன் பிடித்தார். இரண்டாவதை ஏறக்குறையப் பிடித்தார். மூன்றாவது போனதை அவர் பார்க்கவில்லை. இரண்டாவது கையிலிருந்து வழுக்கிக்கொண்டிருந்தது. தோல் சீவிய அன்னாசியைப் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும், அது சோப்புக் கட்டியின் நெருங்கிய உறவு. பிறகு வந்தவை வரிசையாக அவரைக் கடந்து பெல்ட்டின் கடைசி வரை போய், அங்கே குவிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் குதித்தன. ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொன்றை முழங்கையால் தடுத்தபடி, அவர் கத்தினார்:

"அலமாக்! நிறுத்துங்க! தம்பி, நிறுத்துங்க லா!"

0 அனுப்பினேன். பெல்ட் அடங்கி ஊர்ந்தது. ஒரு பழம் மட்டும் உருண்டு போய்க் கதவோரம் நின்றது.

"இந்த பெல்ட்டுக்கு என்னா ஆச்சு?" என்றார் மூச்சு வாங்க. "என் காலத்துல இத ஃபுல்ல வச்சிட்டுப் போவேன். எல்லாரும் சாதாரணமா செஞ்சாங்க."

தாஸ் அண்ணன் கூரையில் எதையோ ஆராயத் தொடங்கினார். மாரியக்காவின் முகத்தில் அசைவில்லை. பேசியது சரசு. பேசினால் மற்ற எல்லாரையும்விட அதிகம் இழக்கக்கூடியவர்.

"சார், உங்க காலத்துல ஃபுல்லுங்கறதுதான் ஆக மெதுவு."

அவர் புரியாமல் பார்த்தார். சரசு வயரின் கதையை இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

"எப்ப மாத்துனீங்க?" என்றார் வள்ளியப்பன், அணைத்திருந்த பழத்தைக் கீழே வைத்தபடி.

"நீங்க வர்றதுக்கு முந்தியே சார்," என்றார் மாரியக்கா ஆறுதலாக. "உங்களுக்குன்னு செஞ்சது இல்ல. மனசுல வச்சுக்காதீங்க."

"அப்ப நான் தினமும் வந்து திருப்புனது?"

"பெரிய ஒதவி சார். பெருசு பெருசா பழம் வர்ற நாள்ல, சார் எப்ப வருவாருன்னு பாத்துக்கிட்டே இருப்போம்."

6. மேலே ஒரு படி, கீழே ஒரு படி

வள்ளியப்பன் மாடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கதவைச் சாத்தியதும் கோபம் வந்தது.

"ஆபீஸ் மட்டும்தான்," என்றார். "கீழ ஒரு பொத்தானும் வேணாம். முடியாதவங்கள கழுவுற பக்கம் மாத்திரலாம். சரசுக்கு முடியாதுன்னா கான்ட்ராக்ட் முடியட்டும்."

"சரி சார். என்ன எண் போடணும்னு சொல்லுங்க, நிரந்தர ரெஜிஸ்டர்ல எழுதிட்டுப் போறேன்."

அவர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, திரும்ப வைத்தார்.

"எந்தப் பழத்துக்கு?" என்று கேட்டார்.

"அதத்தான் சார் நானும் கேக்கிறேன். சின்னதுக்கு ஒரு எண், பெருசுக்கு ஒரு எண். இங்கேருந்து ரெண்டும் தெரியாது. கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியும். அவங்க டார்கெட் தவறினதே இல்லன்னு சொல்றாங்க. உங்ககிட்ட ரிப்போர்ட் இருக்கும், பாருங்க."

அவர் பார்க்கவில்லை. தெரிந்ததைப் பார்ப்பானேன்? உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லாமல் அன்னாசிச் சாற்றில் நனைந்த விரல்கள் சிவந்திருந்தன.

"எரியுது," என்றார். "சரசு இந்த எடத்துலயா நிக்கிறா, அந்த வெரலோட?"

"முறை வர்றப்ப நிக்கிறாங்க. அப்ப மத்தவங்க வேகத்தைக் குறைச்சுக் குடுப்பாங்க."

அவர் எழுந்து போய்க் குழாயில் கை கழுவிவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது மேலாளராகப் பேரம் பேசத் தொடங்கியிருந்தார். அதில் எனக்கு நிம்மதி.

"மேல் வரம்பு நான் வப்பேன்."

"வைங்க சார். ஆனா மேசைக்கு முன்னால நின்னு வைங்க."

"என் ஸ்கிரீன்ல என்ன தெரியும்? பழையபடி கதை விடுவாங்களா?"

அதற்கு நான் சொன்ன விடை, இளைய பொறியாளர்கள் கவனிக்க வேண்டியது. ரெஜிஸ்டரைத் திரும்பப் படிப்பது, நாம் எழுதியதை நாமே படிப்பதுதான். சிப் தனக்கு வந்த கட்டளையை அறியும், பெல்ட்டை அறியாது. முதல் நாள் சோதனையில் 255 என்று திரையில் தெரிந்தபோது பெல்ட் ஊர்ந்துகொண்டிருந்தது. ஆகவே பெல்ட்டைச் சுழற்றும் உருளையின் மீது ஒரு சென்சர் வைத்து, உண்மையான வேகத்தைத் திரையில் காட்டலாம் என்றேன்.

"அப்ப இனிமே என்னை ஏமாத்த முடியாது."

"ஏமாத்த வேண்டிய தேவையும் இருக்காது சார்."

"சரசுவோட மேசைய தனியா எண்ண வேணாம்னு தரம் பாக்குற கியூசிகிட்ட சொல்றேன். லைன் மொத்தமா பாத்தா போதும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, கங்காணி கதை ஹெட் ஆபீஸுக்குப் போக வேணாம் லா."

போகவில்லை. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கேயும் எழுதவில்லை.

சிப்பில் அதுவரை நான் பயன்படுத்தாத இரண்டு கட்டளைகள் இருந்தன: வைப்பரை ஒரு படி ஏற்று, ஒரு படி இறக்கு. மேசையின் முனையில், ஈரக் கையுறையோடு அழுத்தும்படி இரண்டு பெரிய பொத்தான்கள் வைத்து, அவற்றை அந்தக் கட்டளைகளோடு இணைத்தேன். மேல் வரம்பையும் கீழ் வரம்பையும் வள்ளியப்பன், மாரியக்கா பக்கத்தில் நிற்க, பெரிய பழம் வந்த ஒரு காலையில் முடிவு செய்தார். கொஞ்சம் சத்தம் போட்டார்கள். இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். மின்சாரம் போய் வந்தால் பெல்ட் மெதுவாகவே தொடங்கும்படி, கீழ் வரம்பை நிரந்தர ரெஜிஸ்டரில் எழுதினேன். கடைசியில் தாஸ் அண்ணன் ஓர வயர்கள் இரண்டையும் நேராக்கினார். நான் அந்தக் கழித்தல் வரியை அழித்தேன். ஏற்று என்றால் வேகம், இறக்கு என்றால் மெதுவு என்று அந்த மேசை முதல் முறையாக எல்லாருக்கும் ஒரே பொருளைச் சொன்னது.

சரசுவின் கான்ட்ராக்ட் அந்த ஆண்டு இறுதியில் புதுப்பிக்கப்பட்டது. அவர் இன்றும் அதே மேசையில் வேலை செய்கிறார், முனையில் நிற்கும் முறையும் அவருக்கு உண்டு. வள்ளியப்பன் புதிதாக வரும் சூப்பர்வைசர்களை, கையுறை கொடுத்து, முதல் வாரம் அந்த மேசையில் நிற்க வைக்கிறார். நான் அதற்குப் பிறகு எந்த ஒரு குமிழையும், அதைத் திருப்புகிறவர்களோடு ஒரு முழு ஷிப்ட் நின்று பார்க்காமல் கழற்றியதில்லை.